மோட்டார் ஹோம் மோகம் குறைகிறதா? அமெரிக்கச் சந்தை நமக்குச் சொல்லும் சரக்குப் பாடம்

மளிகைக் கடைக்கும் மோட்டார் ஹோமுக்கும் என்ன சம்பந்தம் என்று வணிக அன்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நம்மில் யாரும் அந்த வண்டியை வாங்கப் போவதில்லை, விற்கப் போவதுமில்லை. ஆனாலும் சரக்கு, வட்டி, தேவை என்ற மூன்றும் ஒரு வியாபாரத்தை எப்படித் தூக்கிவிடுகின்றன, எப்படிக் கீழே தள்ளுகின்றன என்பதை இத்தனை தெளிவாகக் காட்டும் தொழில் வேறொன்றைக் காண்பது அரிது. அரிசி, பருப்பு வியாபாரத்தில் ஏற்ற இறக்கம் சிறிதாக இருக்கும். கண்ணில் படாமலே போய்விடும். மோட்டார் ஹோம் வியாபாரத்தில் அதே ஏற்ற இறக்கம் பெரிதாகத் தெரியும். ஆகவே அதை ஒரு பாடமாக எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

மோட்டார் ஹோம் என்பது எது?

படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் 'கேரவன்' வண்டியை நம் மக்கள் நன்கு அறிவார்கள். படுக்கை, சமையலறை, கழிப்பறை எல்லாம் வண்டிக்குள்ளேயே இருக்கும். அமெரிக்கக் குடும்பங்கள் விடுமுறைப் பயணத்துக்காக இவற்றைச் சொந்தமாகவே வாங்கி வைத்துக்கொள்கின்றன. பொதுவாக இவற்றை 'ஆர்.வி.' என்று அழைக்கிறார்கள்.

ஆர்.வி.யில் இரண்டு பெரும் பிரிவுகள் உண்டு. எஞ்சின் உள்ளே பொருத்தப்பட்டுத் தானே ஓடுவது மோட்டார் ஹோம். எஞ்சின் இல்லாமல், நம் காரோ பிக்அப் வண்டியோ இழுத்துச் செல்வது டிரெய்லர். மோட்டார் ஹோமிலும் மூன்று ரகம்: பேருந்து அளவுள்ளது 'ஏ' ரகம், வேனுக்குள் அடக்கமாக அமைப்பது 'பி' ரகம், லாரி அடிச்சட்டத்தின் மேல் கட்டி, ஓட்டுநர் தலைக்கு மேலே ஒரு படுக்கை வைப்பது 'சி' ரகம். மோட்டார் ஹோம் வேறு, டிரெய்லர் வேறு என்ற இந்த வேறுபாட்டை மனதில் நிறுத்திக்கொள்ள வேண்டும். நம் கேள்விக்கு உரிய விடையில் பாதி இதிலேயே இருக்கிறது.

இத்தொழிலின் வரலாற்றில் நமக்குப் பிடித்தமான ஒரு செய்தியும் உண்டு. 'வின்னபேகோ' என்பது அங்கே மிகவும் புகழ்பெற்ற பெயர். அந்த நிறுவனத்தை வளர்த்த ஜான் ஹேன்சன், அயோவா மாநிலத்தின் ஃபாரஸ்ட் சிட்டி என்ற சிற்றூரில் மரச்சாமான் கடை நடத்தியவர். விவசாயத்தை மட்டுமே நம்பியிருந்த ஊருக்கு வேறு வருமானம் வேண்டும் என்று, 1958-ல் அவரும் உள்ளூர் வணிகர்களும் முயன்று அங்கே ஒரு டிரெய்லர் தொழிற்சாலையைக் கொண்டுவந்தார்கள். 1966-ல் அங்கிருந்து மோட்டார் ஹோம் வெளிவரத் தொடங்கியது. போட்டியாளர்களைவிட மிகவும் குறைந்த விலையில் அதை விற்றதால்தான் நடுத்தரக் குடும்பங்களுக்கும் அது எட்டியது.

எண்கள் என்ன சொல்கின்றன?

அமெரிக்காவின் ஆர்.வி. தயாரிப்பாளர் சங்கம், தொழிற்சாலைகள் விற்பனையாளர்களுக்கு எத்தனை வண்டிகளை அனுப்பின என்று மாதந்தோறும் கணக்கு வெளியிடுகிறது. அதிலிருந்து சில ஆண்டுகளை முழு ஆயிரமாக்கிக் கீழே தருகிறோம். முதல் எண் எல்லா ஆர்.வி.க்களும் சேர்த்து, இரண்டாவது எண் மோட்டார் ஹோம் மட்டும்.

2004: மொத்தம் 3,70,000, மோட்டார் ஹோம் 72,000
2009: மொத்தம் 1,66,000, மோட்டார் ஹோம் 13,000
2017: மொத்தம் 5,05,000, மோட்டார் ஹோம் 63,000
2021: மொத்தம் 6,00,000, மோட்டார் ஹோம் 56,000
2022: மொத்தம் 4,93,000, மோட்டார் ஹோம் 58,000
2023: மொத்தம் 3,13,000, மோட்டார் ஹோம் 46,000
2024: மொத்தம் 3,34,000, மோட்டார் ஹோம் 35,000

கடைசி மூன்று வரிகளை மட்டும் பார்ப்பவர், "இரண்டே ஆண்டில் 58 ஆயிரம் 35 ஆயிரமாகிவிட்டது, நூற்றுக்கு நாற்பது போய்விட்டது, மோட்டார் ஹோம் காலம் முடிந்தது" என்று சொல்லிவிடுவார். 2009-ல் இன்னும் பலர் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் 13 ஆயிரத்தில் கிடந்த வியாபாரம் எட்டு ஆண்டுகளில் 63 ஆயிரத்துக்கு ஏறியது. எனவே ஒரு சரிவைக் கண்டவுடன் முடிவு கட்டிவிடக் கூடாது. இது அலைபோல ஏறி இறங்கும் வியாபாரம். 1973-ன் எண்ணெய் நெருக்கடியில் விழுந்தது; 1979-80-ல் பெட்ரோல் தட்டுப்பாடும் கடும் வட்டியும் சேர்ந்து மறுபடி விழுந்தது; 2008-09-ன் நிதி நெருக்கடியில் மீண்டும் விழுந்தது. ஒவ்வொரு முறையும் எழுந்தது.

அப்படியானால் ஒன்றுமே மாறவில்லையா? மாறியிருக்கிறது. முதல் வரியையும் கடைசி வரியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். 2004-ல் அனுப்பப்பட்ட ஐந்து ஆர்.வி.க்களில் ஏறத்தாழ ஒன்று மோட்டார் ஹோம். 2024-ல் பத்துக்கு ஒன்றுதான். வண்டியோடு ஊர் சுற்றும் ஆசை குறையவில்லை. அந்த ஆசையை மக்கள் மலிவான வழியில் நிறைவேற்றிக்கொள்கிறார்கள். அமெரிக்கக் குடும்பங்கள் பலவற்றிடம் பிக்அப் வண்டி ஏற்கெனவே இருக்கிறது. ஒரு டிரெய்லரை வாங்கி மாட்டிக்கொண்டால் போதும். மோட்டார் ஹோம் என்றால் இன்னொரு எஞ்சின், இன்னொரு காப்பீடு, இன்னொரு பராமரிப்பு. எஞ்சின் பழுதானால் வண்டியோடு வீடும் பட்டறைக்குப் போய்விடும். பெரிய 'ஏ' ரக வண்டி லிட்டருக்கு மூன்று நான்கு கிலோமீட்டர்தான் கொடுக்கும்.

ஆக, விடை இரண்டு பகுதி. மோட்டார் ஹோமின் பங்கு நீண்ட காலமாகவே சுருங்கிவருகிறது. ஆனால் 2022-க்குப் பிந்தைய செங்குத்தான சரிவுக்குக் காரணம் மோகம் குறைந்தது மட்டுமல்ல. சரக்கும் வட்டியும் அதில் பெரும் பங்கு வகித்தன. இனி அதைப் பார்ப்போம்.

2020 முதல் 2024 வரை நடந்தது

2020-ல் கொரோனா பரவியபோது விமானமும் விடுதியும் மக்களுக்கு அச்சம் தந்தன. சொந்தப் படுக்கை, சொந்தச் சமையல் என்று ஆர்.வி.யைத் தேடி ஓடினார்கள். மத்திய வங்கி வட்டியைப் பூஜ்யத்துக்கு அருகே இறக்கியிருந்தது. 2021-ல் தொழிற்சாலைகள் 6 லட்சத்துக்கும் சற்று அதிகமான வண்டிகளை அனுப்பின. அது இத்தொழில் அதுவரை கண்டிராத உச்சம்.

அந்த ஆண்டில் வாங்கியவர்களில் ஒரு பகுதியினர், சாதாரணமாக 2023-லோ 2024-லோ வாங்கியிருக்க வேண்டியவர்கள். ஆண்டுக்கணக்கில் வைத்துக்கொள்ளும் பொருளை முன்கூட்டியே வாங்கியவர் அடுத்த ஆண்டு மறுபடி வாங்க வரமாட்டார். ஆக, 2021-ன் கூட்டத்தில் வருங்கால வியாபாரமும் கலந்திருந்தது.

இரண்டாவதாக வட்டி வந்தது. 2022 மார்ச்சில் மத்திய வங்கி வட்டியை ஏற்றத் தொடங்கியது. 2023 ஜூலையில் அது 5.25-5.50 சதவீதத்தை எட்டியது. மோட்டார் ஹோமைப் பெரும்பாலோர் பத்து முதல் இருபது ஆண்டுத் தவணையில் வாங்குகிறார்கள். உதாரணத்துக்கு 1,00,000 டாலர் கடனை 15 ஆண்டுத் தவணையில் எடுப்போம். வட்டி 5 சதவீதமானால் மாதத் தவணை சுமார் 791 டாலர். 9 சதவீதமானால் சுமார் 1,014 டாலர். வண்டியின் விலைச்சீட்டு மாறவில்லை. வாங்குபவரின் மாதச் சுமை மட்டும் 223 டாலர் ஏறிவிட்டது. விலை கூடியதாகவே அவர் கருதுவார். போதாக்குறைக்கு, விலைச்சீட்டும் அந்த ஆண்டுகளில் ஏறத்தான் செய்தது.

மூன்றாவதாக ஒரு நுட்பமான காரணம். மோட்டார் ஹோமுக்கு வேண்டிய அடிச்சட்டமும் எஞ்சினும் ஃபோர்டு, மெர்சிடிஸ் போன்ற மோட்டார் நிறுவனங்களிடமிருந்து வரவேண்டும். 2021-லும் 2022-லும் சிப் தட்டுப்பாட்டால் அவை நேரத்துக்கு வரவில்லை. டிரெய்லருக்கு அந்தத் தடை இல்லை. அதனால் டிரெய்லர் 2021-லேயே உச்சம் தொட்டு, 2023-ல் விழுந்து, 2024-ல் எழத் தொடங்கியது. மோட்டார் ஹோம் 2022-ல்தான் உச்சம் தொட்டது, 2024-லும் விழுந்துகொண்டிருந்தது. தாமதமாக ஏறிய சரக்கு தாமதமாகவே இறங்குகிறது. மேலேயுள்ள பட்டியலில் 2024-ல் மொத்தம் கூடியும் மோட்டார் ஹோம் குறைந்ததற்கு இது ஒரு முக்கிய காரணம்.

ஜெர்மனியின் கணக்கையும் ஒப்பிட்டால் இது இன்னும் விளங்கும். அங்கே 2021-ல் புதிதாகப் பதிவான மோட்டார் ஹோம்கள் சுமார் 81 ஆயிரம். 2022-ல் சுமார் 66 ஆயிரமாகக் குறைந்தது. அடிச்சட்டம் கிடைக்காததே அதற்கு முக்கிய காரணம். 2024-ல் மறுபடி 70 ஆயிரத்தைத் தாண்டியது. அமெரிக்காவில் மோட்டார் ஹோம் குறைந்த அதே ஆண்டில் ஜெர்மனியில் அது நன்றாகவே விற்றது. ஒரு பொருளின் செல்வாக்கை ஒரே நாட்டின், ஒரே ஆண்டின் கணக்கால் அளக்கலாகாது.

அனுப்பியது எல்லாம் விற்றது ஆகாது

இப்போது பாடத்தின் மையத்துக்கு வருகிறோம். மேலே தந்த எண்கள் எல்லாம் தொழிற்சாலை அனுப்பியவை. குடும்பங்கள் வாங்கியவை அல்ல. இரண்டுக்கும் நடுவே விற்பனையாளரின் மைதானம் இருக்கிறது. அந்த மைதானம் நிரம்பும்போது தொழிற்சாலைக் கணக்கு உண்மையைவிடப் பெரிதாகத் தெரியும். மைதானம் காலியாகும்போது உண்மையைவிடச் சிறிதாகத் தெரியும்.

ஒரு எளிய கணக்கு. ஒரு விற்பனையாளர் மாதம் 10 வண்டி விற்கிறார். மூன்று மாத விற்பனைக்கு உரிய 30 வண்டிகளை இருப்பில் வைப்பது அவர் வழக்கம். விற்பனை மாதம் 8 ஆகக் குறைகிறது. மூன்று மாத இருப்பு என்றால் இனி 24 போதும். அந்த மாதம் அவர் எத்தனை வண்டி கேட்பார்? கையில் 30, விற்றது 8, மீதி 22, வேண்டியது 24. ஆகவே 2 வண்டி மட்டுமே கேட்பார். வாடிக்கையாளர் குறைந்தது நூற்றுக்கு இருபது. தொழிற்சாலைக்குப் போன ஆர்டர் குறைந்தது நூற்றுக்கு எண்பது! அடுத்த மாதம் ஆர்டர் 8-க்கு வந்துவிடும். ஆனால் அந்த ஒரு மாதத்தைப் பார்த்தே தொழிற்சாலை ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிடும்.

ஏறும்போதும் இதே கதைதான். விற்பனை 10-லிருந்து 12 ஆனால், வேண்டிய இருப்பு 36. அந்த மாத ஆர்டர் 18. வாடிக்கையாளர் இருபது சதவீதம் கூடினார். தொழிற்சாலை எண்பது சதவீதம் கூடியதாக நினைத்துப் புதிய கொட்டகை போடும். 2021-ன் உச்சத்திலும் 2023-ன் பள்ளத்திலும் இந்தக் கணக்கு வேலை செய்திருக்கிறது. மக்கள் வாங்குவது குறைந்தது உண்மை. ஆனால் மொத்த அனுப்புதல் இரண்டு ஆண்டில் ஏறத்தாழப் பாதியானதற்கு, விற்பனையாளர்கள் இருப்பைக் கரைத்ததும் சேர்ந்தே காரணம்.

வட்டியில் நிற்கும் சரக்கு

அங்குள்ள விற்பனையாளர் பெரும்பாலும் சொந்தப் பணத்தில் சரக்கு வைப்பதில்லை. வங்கியோ நிதி நிறுவனமோ தொழிற்சாலைக்குப் பணம் கட்டிவிடும். விற்பனையாளர் மாதாமாதம் வட்டி கட்டுவார்; வண்டி விற்றதும் அசலைக் கட்டுவார். இதை 'ஃப்ளோர் பிளான்' என்கிறார்கள். குறித்த காலத்துக்குள் விற்காவிட்டால் அசலில் ஒரு பகுதியைக் கைப்பணத்திலிருந்து கட்ட வேண்டும்.

1,00,000 டாலர் வண்டிக்கு வட்டி 4 சதவீதமாக இருந்தபோது மாதம் 333 டாலர். வண்டி இரண்டு மாதத்தில் விற்றால் 667 டாலரோடு போயிற்று. வட்டி 8 சதவீதமாகி, வண்டி எட்டு மாதம் நின்றால் 5,333 டாலர். வட்டி இரண்டு மடங்கு, நிற்கும் காலம் நான்கு மடங்கு. செலவு எட்டு மடங்கு. இதற்கு மேல் 'ஆண்டு மாடல்' என்ற தொல்லையும் உண்டு. அடுத்த ஆண்டின் மாடல் வந்து இறங்கியதும் பழைய மாடலின் விலை தானே விழும். 2023-ல் பல விற்பனையாளர்கள் 2022-ம் ஆண்டு மாடல்களைத் தள்ளுபடியில் தள்ளிவிட நேர்ந்தது இதனால்தான். புதியது மலிந்ததும் பழைய வண்டிகளின் விலையும் இறங்கியது. 2021-ல் அதிக விலைக்கு வாங்கிய குடும்பங்கள், கடன் பாக்கியைவிட வண்டியின் மதிப்பு குறைவு என்ற நிலைக்கு வந்தன. அவர்களால் பழையதைக் கொடுத்துப் புதியது வாங்க இயலவில்லை. அங்கேயும் வியாபாரம் அடைபட்டது.

ஒரே தொழிலை நம்பிய ஊர்

இந்தியானா மாநிலத்து எல்க்ஹார்ட் வட்டாரம் ஆர்.வி. தொழிலின் தலைநகர். அமெரிக்காவின் ஆர்.வி.க்களில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் அந்த மாநிலத்தில்தான் தயாராகின்றன. 2009-ல் அந்த வட்டாரத்தில் வேலையில்லாதோர் விகிதம் இருபது சதவீதத்தை நெருங்கியது. அந்த ஆண்டு பிப்ரவரியில் அதிபர் ஒபாமா நேரிலேயே சென்று மக்களிடம் பேசினார். ஃப்ளீட்வுட், மொனாக்கோ கோச் என்ற இரு பெரிய நிறுவனங்கள் அதே மார்ச்சில் திவால் மனு கொடுத்தன.

தொழிற்சாலையில் வேலை போனால் அது அந்த வாயிலோடு நிற்பதில்லை. மளிகைக் கடை, முடிதிருத்தும் கடை, துணிக்கடை என்று தெருத்தெருவாக இறங்கும். ஒரே ஆலையை, ஒரே சந்தையை, ஒரே பயிரை நம்பிய ஊர்களில் கடை வைத்திருக்கும் நம் அன்பர்களுக்கு இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை. கடன் நோட்டில் யார் யார் பெயர் இருக்கிறது, அவர்களுக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்று ஒருமுறை புரட்டிப் பார்த்தால் போதும். பெயர்கள் ஐம்பது இருக்கலாம். சம்பளம் தரும் இடம் ஒன்றாக இருந்தால், நாம் கடன் கொடுத்திருப்பது ஒரே ஆளுக்குத்தான்.

வண்டி விற்பது குறைந்தாலும் ரொட்டி விற்பது குறைவதில்லை

இந்த வியாபாரத்தில் நம் போன்ற கடைக்காரர்களுக்கு நல்ல செய்தியும் உண்டு. அந்தச் சங்கத்துக்காக 2021-ல் நடந்த ஆய்வின்படி அமெரிக்காவில் 1 கோடியே 12 லட்சம் குடும்பங்களிடம் ஆர்.வி. இருந்தது. புதிய விற்பனை குறைந்ததால் இருக்கிற வண்டிகள் மறைந்துவிடுவதில்லை. அவற்றில் செல்பவர்கள் வழியில் அரிசி, முட்டை, ரொட்டி, சமையல் வாயு வாங்கித்தான் ஆகவேண்டும்.

வால்மார்ட் நிறுவனம் இதை நன்கு புரிந்துகொண்டது. உள்ளூர்ச் சட்டமும் கடை மேலாளரும் அனுமதிக்கும் இடங்களில், கடையின் வாகன நிறுத்தத்தில் ஆர்.வி.க்காரர்கள் இரவு தங்க விடுகிறது; கட்டணம் இல்லை. இரவு நின்றவர் காலையில் கடைக்குள் வருவார் அல்லவா? அரிசோனா மாநிலத்தின் குவார்ட்சைட் என்ற பாலைவன ஊரில் நிலையாகக் குடியிருப்போர் சுமார் 2,400 பேர்தான். குளிர்காலத்தில் பனிப்பகுதிகளிலிருந்து ஆர்.வி.யோடு லட்சக்கணக்கானோர் வந்து போகிறார்கள். அந்த ஊர்ச் சிறு வணிகர்களுக்கு ஆண்டு வருமானத்தின் பெரும்பகுதி அந்தச் சில மாதங்களில்தான்.

எப்போதோ ஒருமுறை வாங்கும் பொருளின் வியாபாரம் வட்டியைக் கண்டு நடுங்கும். தினமும் தீரும் பொருளின் வியாபாரம் அவ்வளவு நடுங்காது. நம் கடைகளில் இரண்டும் கலந்தே இருக்கின்றன. பருப்பும் எண்ணெயும் ஒரு பக்கம்; மிக்ஸி, குக்கர், பிளாஸ்டிக் நாற்காலி இன்னொரு பக்கம். இரண்டுக்கும் ஒரே மாதிரி சரக்கு எடுப்பது தவறு.

கடைக்கு எடுத்துச் செல்ல வேண்டியவை

1. கம்பெனி விற்பனைப் பிரதிநிதி "இந்தச் சரக்கு பறக்கிறது" என்று சொன்னால், கம்பெனியிலிருந்து பறக்கிறதா, கடையிலிருந்து பறக்கிறதா என்று கேளுங்கள். உங்கள் பில் புத்தகமே அதற்குச் சாட்சி.

2. அசாதாரணக் காலத்தின் விற்பனையை வழக்கமான விற்பனையாகக் கொள்ளாதீர்கள். 2020-ல் முகக்கவசமும் கைகழுவும் திரவமும் விற்ற வேகத்தை நம்பி மூட்டை மூட்டையாக எடுத்தவர்களுக்கு இது புரியும்.

3. சரக்கு நிற்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டியை அதன் அடக்க விலையில் சேர்த்து எழுதுங்கள். சொந்தப் பணமாக இருந்தாலும் வட்டி உண்டு என்றே கணக்கிடுங்கள்.

4. மொத்த வியாபாரிகள், ஆர்டர் திடீரென விழுந்தால் பதறவேண்டாம். திடீரென எழுந்தால் மகிழ்ந்து கிடங்கு பிடிக்கவும் வேண்டாம். சில்லறைக் கடையில் இருப்பு எவ்வளவு என்பதை முதலில் விசாரியுங்கள்.

5. பங்கு குறைகிறதா, மொத்தமே குறைகிறதா என்பதைப் பிரித்துப் பாருங்கள். வாடிக்கையாளர் மோட்டார் ஹோமை விட்டு டிரெய்லருக்குப் போனதுபோல, உங்கள் கடையிலும் ஒரு பொருளை விட்டு இன்னொன்றுக்குப் போயிருக்கலாம். அவர் கடையை விட்டுப் போகவில்லை என்றால் நஷ்டம் இல்லை. அந்த இன்னொன்று உங்கள் அலமாரியில் இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

பயிற்சிக் கணக்கு

ஒரு கடையில் மாதம் 40 மூட்டை அரிசி விற்கிறது. விற்பனை 32 மூட்டையாகக் குறைகிறது. (அ) இரண்டு மாத இருப்பு வைப்பவர் அந்த மாதம் எத்தனை மூட்டை ஆர்டர் செய்வார்? (ஆ) அரை மாத இருப்பு வைப்பவர் எத்தனை மூட்டை ஆர்டர் செய்வார்?

விடை: (அ) இருப்பு 80-லிருந்து 64 ஆகவேண்டும்; ஆர்டர் 16 மூட்டை. (ஆ) இருப்பு 20-லிருந்து 16 ஆகவேண்டும். ஆர்டர் 28 மூட்டை. விற்பனைக் குறைவு இருவருக்கும் ஒன்றே. முதலாமவர் ஆர்டர் 60 சதவீதம் விழுந்தது. இரண்டாமவர் ஆர்டர் 30 சதவீதமே விழுந்தது. இருப்பு குறைவாக இருந்தால் அதிர்ச்சியும் குறைவு. இதே கணக்கை உங்கள் கடையில் அதிகம் முடங்கும் பொருளை வைத்து இந்த வாரமே போட்டுப் பாருங்கள்.